எளியோர்க்கும் கடல் வழி திறக்க வேண்டும்

நொய்யல் நதிக்கரையிலுள்ள சாமளாபுரத்திலும், அதைச் சூழ்ந்த சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம், பல்லடம் முதலிய ஊர்களிலும் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அண்மையிலுள்ள திருப்பூரில் தைக்கப்படும் பனியன்களும் சட்டைகளும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல தேசத்தாரின் உடலை அலங்கரிக்கின்றன. ஆண்டுதோறும் பல்லாயிரம் கோடி ரூபாய் பெறுமான சரக்கு இவ்வாறு கடல் கடக்கிறது. அச்சரக்கை உண்டாக்குகின்ற தொழிலாளரில் கப்பலில் கால் வைத்தவர் எத்தனை பேர்? நூற்றில் ஒருவர் கிடைத்தாலும் அதிசயமே. கடற்பிரயாணம் செல்வர்களுக்கே உரியது என்ற எண்ணம் நம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றிப் போயிருக்கிறது. இவ்வெண்ணம் தவறானது, இதை மாற்றுவது சர்க்காரின் கடமை என்று எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

கோவை ஜில்லாவும் திருப்பூர் ஜில்லாவும் கடலில்லாத நாடு. எனினும் சாமளாபுரத்து வாசி ஒருவர் விமானத்தை நாடாமல், பஸ்ஸையும் கப்பலையும் படகையும் மட்டும் கொண்டு, நம்மவரில் அநேகர் பெயரும் அறியாத தீவுகளைச் சென்று காண வழி இருக்கிறது. காரணம்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் பல்லடம், கரூர், திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் சேரலாம். நாகையினின்று இலங்கையின் வடகோடியிலுள்ள காங்கேசன்துறைக்குக் கடல் வழித் தூரம் சுமார் 110 கிலோமீட்டர். கப்பல் சுமார் நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் நகருக்குப் பஸ்ஸும் ரயிலும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலின் மேலிட்ட பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு ஆகிய தீவுகளினூடே சாலை செல்கிறது. அச்சாலையின் முடிவில் உள்ளது குறிகட்டுவான் என்னும் இறங்குதுறை. அங்கே படகேறினால் கால் மணி நேரத்தில் நயினாதீவு. ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு.

நயினாதீவில் நாகபூஷணி அம்மன் ஆலயமும், பௌத்தர் போற்றும் நாகவிகாரையும் ஒரே கரையில் சிறிது தூரத்தில் நிற்கின்றன. மணிமேகலைக் காவியம் கூறும் மணிபல்லவம் இதுவே என்று கருதும் அறிஞரும் உளர். நெடுந்தீவோ வேறுவிதமான அழகுடையது. பவளக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிச் சுவர்கள், மேய்ப்பவரின்றித் திரியும் குதிரைகள், பழைய கோட்டையின் இடிபாடு, பெருக்கு மரம் ஆகியவை அங்குள்ள காட்சிகள். டச்சுக்காரர் ஆண்டபோது தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஆண்டவர் போய்விட்டனர். தீவின் ஜனங்கள் பேசுவதும் பாடுவதும் வழிபடுவதும் இன்றும் தமிழிலேயே. நாகைக் கடற்கரையில் நிற்பவனுக்கு டில்லி எவ்வளவு தூரம், நெடுந்தீவு எவ்வளவு அண்மை என்பதைத் தேசப்படத்தை விரித்துப் பார்ப்போர் அறிவர்.

வழி இருக்கிறதென்றால், தடை யாது? சத்தமே தடை.

நாகை–காங்கேசன்துறைக் கப்பல் 2023-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி ஆரம்பிக்கப்பட்டது. முதல் நாளுக்கு மட்டும் சலுகைச் சத்தம் வைத்தார்கள். மற்ற நாட்களுக்கு வரியுட்பட ஒரு வழிச் சத்தம் 7,670 ரூபாய் என்று அறிவித்தார்கள். சில தினங்களிலேயே வடகிழக்குப் பருவமழையைக் காரணங்காட்டிக் கப்பல் நின்றுபோயிற்று. மறு வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி 'சிவகங்கை' என்னும் வேறு கப்பல் ஓடத் தொடங்கியபோது, சாதாரண வகுப்பின் சத்தம் 5,000 ரூபாய் அளவுக்கு இறங்கிற்று. இறங்கியது நல்லதே. ஆயினும் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் விகிதப்படி போக வர 61,360 ரூபாய். பிந்திய விகிதத்தில் குழந்தைகளுக்கும் முழுச் சத்தமே என்று கொண்டால் 40,000 ரூபாய். இது கப்பலுக்கு மட்டும். ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் வேண்டும்; பெரியவர் ஒருவருக்கு அதன் கட்டணமே 1,500 ரூபாய். பஸ், உணவு, தங்கல் எல்லாம் புறம்பு. 2025-ம் வருஷத்தில் கூலி உயர்வு கோரிச் சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றதை நேயர்கள் அறிவார்கள். மீட்டருக்குச் சில பைசா உயர்வுக்காகத் தறியை நிறுத்தவேண்டிய நிலையில் உள்ளவர்களிடம் நாற்பதினாயிரம் ரூபாயைக் கொடுத்துக் கடலைப் பார்த்து வாருங்கள் என்று சொல்வது பரிகாசமாகும்.

தமிழ்நாட்டில் கப்பல் சத்தம் என்பது ஒருகாலத்தில் தேசப் பிரச்னையாகவே இருந்தது. 1906-ம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவினார்கள். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. போட்டிக்கு நின்ற வெள்ளையர் கம்பெனி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இனாமாக ஏற்றிச் செல்வதுடன் குடையும் தருவதாக ஆசை காட்டிற்று என்று அக்கால வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1908-ல் சிதம்பரம் பிள்ளை சிறை சென்றார். சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் அப்பெரியாரின் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறது. திருப்பூர்ச் சரக்கு அத்துறைமுகத்தின் வழியேதான் செல்கிறது. பெயர் சூட்டியதோடு நம் நன்றி முடிந்துவிடுமா? சாமானியனும் ஏறக்கூடிய கப்பல் ஓடினாலன்றோ அப்பெயர் பொருளுடையதாகும்!

1914-ம் வருஷத்தில் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு ரயில் என்று ஒரே தொடராகப் பிரயாணம் செய்யும் வசதி இருந்தது. 'போட் மெயில்' என்ற பெயரை இன்றும் முதியோர் மறக்கவில்லை. 1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கையில் யுத்தம் மூண்ட 1980-களில் நின்றுபோயிற்று. 2011 ஜூன் மாதத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் விழாவோடு புறப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றது. கொடியசைத்துத் துவக்குவதில் நமக்குக் குறைவில்லை. தொடர்ந்து நடத்துவதிலேதான் குறை. சத்தம் அதிகமாயிருப்பதால் ஜனங்கள் வருவதில்லை. ஜனங்கள் வராததால் கம்பெனிக்கு நஷ்டம். நஷ்டத்தை ஈடுகட்டச் சத்தம் உயர்த்தப்படுகிறது. இந்தச் சுழலினின்று வெளியேறும் வழியைக் காண்பதே இப்போது செய்யவேண்டிய காரியம்.

இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. ஸ்காட்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில் பல தீவுகள் இருக்கின்றன. அத்தீவுகளுக்குச் செல்லும் கப்பலின் சத்தத்தை, அதே தூரத்தைச் சாலை வழியே செல்ல ஆகும் செலவை அடிப்படையாகக் கொண்டு நிர்ணயிப்பது என்னும் ஏற்பாட்டை 2008-ல் சில தீவுகளில் பரீட்சித்தார்கள். பிறகு 2015-க்குள் அப்பகுதித் தீவுகள் அனைத்திற்கும் விரித்தார்கள். குறையும் தொகையை அந்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. கடலும் ஒரு சாலையே. சாலைக்குப் பொதுப்பணத்தைச் செலவிடும் அரசாங்கம் கடலுக்கும் செலவிட வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

இத்தத்துவத்தை நம் நாட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். நம் மாகாணத்தில் 110 கிலோமீட்டர் தூரம் சாதாரண பஸ்ஸில் சென்றால் நூறு ரூபாய்க்கு மேற்படாது. கப்பலுக்கு ஆகும் எண்ணெய், மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம், இன்ஷியூரன்ஸ் ஆகியவை பஸ்ஸுக்கு ஆவதைக் காட்டிலும் பன்மடங்கு என்பதை நாம் அறிவோம். ஆகையால் நூறு ரூபாய்க்கு ஏற்றிச் செல்லுங்கள் என்று கேட்கவில்லை. அதைப்போல் பத்து மடங்கு, அதாவது ஆயிரம் ரூபாய், ஒரு வழிச் சத்தமாக இருக்கட்டும் என்கிறோம். இரு தேசத்துத் துறைமுகக் கட்டணங்களையும் புறப்பாட்டு வரியையும் சாதாரண வகுப்புப் பிரயாணிகளுக்கு அடியோடு நீக்கலாம். மீதமுள்ள குறையை இரு சர்க்கார்களும் பகிர்ந்துகொள்ளலாம். இக்கப்பலின் நடப்புச் செலவுக்கு நிதியுதவி அளிப்பதாக இந்திய சர்க்கார் 2024-ல் அறிவித்தது. எனவே உதவும் கொள்கையை அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உதவியின் பயன் பிரயாணியின் கையில் போய்ச் சேரவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

"ஏழைகள் உல்லாசமாகச் சுற்றுவதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவதா?" என்று கேட்பாரும் உளர். அவர்களுக்குச் சில வார்த்தைகள். விமான நிலையங்கள் பொதுப்பணத்தாலன்றோ கட்டப்படுகின்றன? அவற்றை உபயோகிப்போர் ஏழைகள்தாமா? 2021 மே முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரண நகரப் பஸ்களில் கட்டணமின்றிச் செல்கிறார்கள். போக்குவரத்துச் செலவு குறைந்தால் எளியோரின் வாழ்வு விரியும் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. மேலும் ஒரு விஷயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்ற நூற்றாண்டுகளில் நம் ஏழைகள் கடல் கடக்காமலில்லை. லட்சக்கணக்கானோர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றார்கள். மண்டபம் முகாமில் அவர்களை அடைத்து வைத்து, வியாதியில்லை என்று கண்டபிறகே கப்பலேற்றினார்கள். 1983-க்குப் பின் அதே மண்டபம் முகாமில் இலங்கையினின்று ஓடிவந்த அகதிகள் தங்கினார்கள். பிழைப்புக்காகவும், உயிருக்கு அஞ்சியுமே ஏழைத் தமிழன் இக்கடலைக் கடந்திருக்கிறான். ஒருமுறையேனும் மனமகிழ்ச்சிக்காக அவன் இதைக் கடக்கலாகாதா?

பாஸ்போர்ட் இல்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கொச்சி அண்மையில் இருக்கிறது. சாமளாபுரத்தில் காலையில் புறப்படுவோர் பொழுது சாயுமுன் எர்ணாகுளம் சேர்ந்துவிடலாம். அங்கே 2023 ஏப்ரலில் துவக்கப்பட்ட நீர் மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். மின்சாரத்தால் ஓடும் அப்படகுகள் வைப்பின், போல்காட்டி, முளவுகாடு, போர்ட் கொச்சி முதலிய இடங்களுக்குச் செல்கின்றன. சுற்றியுள்ள தீவுகளின் ஜனங்கள் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவதற்கென்றே இத்திட்டம் வகுக்கப்பட்டது. கேரள சர்க்காரின் ஜலப் போக்குவரத்து இலாகா நடத்தும் படகுகளிலோ கட்டணம் இதனினும் குறைவு. வேம்பநாட்டுக் காயலையும் அதன் நடுவிலுள்ள பெரும்பளம் தீவையும் காண விரும்புவோர்க்குப் பெருஞ்செலவு ஆகாது. அடுத்த மாகாணத்தில் முடிந்தது நம் மாகாணத்தில் ஏன் முடியாது? பூம்புகார் கப்பல் கழகம் என்ற ஸ்தாபனம் 1974 முதல் நம் சர்க்காரிடம் இருக்கிறது. கன்யாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது அக்கழகமே. அதன் அனுபவத்தை மேலும் விரிவாக உபயோகிக்க இடமுண்டு.

சத்தத்தைக் குறைப்பதோடு விஷயம் தீர்ந்துவிடாது. பருவ காலத்தையும் கவனிக்க வேண்டும். திருப்பூர் வட்டாரத் தொழிலாளிக்குக் கையில் சேர்ந்தாற்போல் பணம் வருவது தீபாவளி போனஸ் சமயத்தில். நீண்ட விடுமுறை கிடைப்பதும் அப்போதே. அவ்வேளையிலோ வடகிழக்குப் பருவக் காற்றில் பாக் ஜலசந்தி கொந்தளிக்கும், கப்பல் நிற்கும். ஆகவே தொழிலாளிக்குப் பொருத்தமான காலம் தைப்பொங்கலுக்குப் பிற்பட்ட தினங்களும் சித்திரை வைகாசியுமே. ஒவ்வொரு வருஷமும் எந்தத் தேதிகளில் கப்பல் ஓடும், எந்தத் தேதிகளில் ஓடாது என்ற அட்டவணையை ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிட வேண்டும். தீபாவளியில் பணம் கட்டிப் பங்குனியில் பிரயாணம் செய்யும் வசதியையும் ஏற்படுத்த வேண்டும். இவையன்றி அடிக்கடி தேதியை மாற்றுவதும், புறப்படும் நாளன்று ரத்து செய்வதுமாக இருந்தால், லீவு கேட்டுப் புறப்பட்ட கூலிக்காரனுக்குக் கூலியும் போயிற்று, யாத்திரையும் போயிற்று என்றாகும்.

மலிவு என்பது அபாயத்திற்கு மறுபெயராகிவிடவும் கூடாது. 2023 மே 7-ந் தேதி கேரளத்தில் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களுள் பலர் குழந்தைகள். எத்தனை பேரை ஏற்றலாம் என்பது படகின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். மிதவைச் சட்டை எல்லோருக்கும் இருக்க வேண்டும். அது இல்லாத படகில் ஏற மறுக்கும் துணிவு பிரயாணிக்கும் வேண்டும். இரண்டு ரூபாய் மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.

இனி, தீவுகளில் வாழ்வோரை மறந்து பிரயாணிகளின் சௌகரியத்தை மட்டும் பேசுவது நியாயமன்று. நெடுந்தீவு ஜனங்களுக்குப் படகு உல்லாசப் பொருளல்ல. ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் அவர்கள் படகிலேயே போகவேண்டும். 'குமுதினி' என்னும் படகின் பெயரைக் கேட்டால் அத்தீவினர் இன்றும் கலங்குவர். 1985 மே 15-ந் தேதி நடுக்கடலில் அப்படகில் சென்ற ஆண், பெண், குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்நீரின் மீது செல்லும் பிரயாணி தன் கூச்சலைச் சற்று அடக்கிக்கொள்வது தகும். ஸ்காட்லாந்திலும் சத்தம் குறைந்தபோது வெளியூரார் பெருகி, தீவு வாசிகளுக்கே கப்பலில் இடமில்லை என்ற முறையீடு எழுந்தது. ஆகையால் குறிகட்டுவானில் படகேறுவதில் தீவினருக்கு முதலிடமும், வெளியூராருக்கு அடுத்த இடமும் என்ற விதி வேண்டும். நன்னீர் அருமையான அத்தீவுக்குச் செல்வோர் குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் குப்பையை விட்டுவராமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். மீன் சோறு ஆக்கித் தரும் அவ்வூர்க் குடும்பங்களிடமே உண்டு, அவர்கள் கேட்கும் நியாயமான விலையைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய சக்தியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டத்திற்கு இந்திய சர்க்கார் 2022-ல் உடன்படிக்கை செய்து நன்கொடை அளித்தது. சர்க்கார் அளவில் நட்பு இவ்வாறு வளர்வது மகிழ்ச்சிக்குரியது. ஜனங்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டு பழகினால் அந்நட்பு நிலைபெறும்.

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறோம். நாகைக் கப்பலின் சாதாரண வகுப்புச் சத்தம் ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்படலாகாது. பழைய போட் மெயிலைப் போல், திருப்பூரிலோ பல்லடத்திலோ வாங்கும் ஒரே டிக்கட்டில் பஸ்ஸும் கப்பலும் அடங்க வேண்டும்; கப்பல் நேரத்துக்குத் தக்கபடி சர்க்கார் பஸ்கள் நாகைக்கு விடப்பட வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்ய, தொழிலாளர் லீவு நாளாகிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்தோறும் முகாம் நடத்த வேண்டும். கப்பல் ஓடும் காலத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். சாமளாபுரம் பேரூராட்சியும், சுற்றுவட்டாரத் தொழிற்சங்கங்களும், ஆலை முதலாளிகளும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கலாகாது. ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் ஒரு பஸ் வரும். ஐயாயிரம் பேர் சேர்ந்து கேட்டால் ஒரு கப்பல் வரும். முதலாளிமார் போனஸோடு மூன்று நாள் சம்பள லீவும் கொடுப்பார்களாயின், அவர்களுக்கு நஷ்டம் சொற்பமே.

சர்க்கார் மனம் வைத்தால் அடுத்த தை மாதத்திலேயே இதைத் தொடங்கலாம். கப்பல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, போக விரும்பும் ஜனங்கள் இருக்கிறார்கள். சத்தம் ஒன்றே குறுக்கே நிற்கிறது. அதைக் குறைக்கும் அதிகாரம் இரு சர்க்கார்களின் கையில் இருக்கிறது. தாமதமின்றி அதைச் செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.